சண்டைக்கு வந்த துடுப்பு

எழுபதுகளின் தொடக்கத்தில் ரேடியோவில் ஒரு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, எங்கள் குப்பத்துக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் அதைவிடப் பெரிய யுத்தம். எங்கள் கரையில் அவர்கள் வலை இழுத்துவிட்டார்கள், அவ்வளவுதான் காரணம். என் தாய்மாமன் எதிரி நாட்டுக்காரர். கூடப் பிறந்த தம்பியிடம் அம்மா பேசக் கூடாது. பேசினால் பஞ்சாயத்தில் அபராதம்.

ஆனாலும் எங்கள் யுத்தத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எல்லைப் பனைமரத்தருகேதான் அடிதடி. தலையில் அடிக்கக் கூடாது. பெண்களின் மீன்கூடையைத் தொடக் கூடாது. கடலில் சண்டையே கிடையாது. ரேடியோவில் சண்டை போடுகிறவர்களுக்கு இதையெல்லாம் யாராவது சொல்லக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் காலை மாமாவின் கட்டுமரம் அலையில் கவிழ்ந்தது. பக்கத்தில் வந்துகொண்டிருந்த என் நைனாதான் குதித்து அவரை இழுத்துவந்தார். பனைமரம் வரை சுமந்துபோய் அவர்கள் ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார். மாமா பிழைத்துக்கொண்டார். ஆனால் தோள்மூட்டு நழுவிவிட்டது, இனி துடுப்புப் பிடிப்பாரோ மாட்டாரோ என்று சேதி வந்தது. போய்ப் பார்க்கவும் வழியில்லை. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"எதிரியப் போயி ஏன் நைனா காப்பாத்துன?" என்று கேட்டேன்.

"கடல்ல இன்னாம்மே சண்ட? கரைக்கு வரட்டும், பாத்துக்கலாம்."

மாமாவின் துடுப்பு எங்கள் பக்கம் ஒதுங்கியிருந்தது. "பனமரத்தாண்ட வெச்சிட்டு கம்னு வந்துடு" என்று நைனா அதை என்னிடம் கொடுத்தனுப்பினார். என் உயரத்துக்கு மேல் இருந்த அதை மணலில் இழுத்துக்கொண்டே போய்ச் சாய்த்துவைத்தேன்.

பொங்கல் கழிந்து மறுபடியும் சண்டை மூண்டது. நைனா முதுகு வீங்கி வீடு வந்தார். அடித்தவர் மாமா. அதுவும் அந்தத் துடுப்பாலேயே. உயிரைக் காப்பாற்றியவருக்கு இதுவா மரியாதை? இனி அவர் என் மாமாவே இல்லை என்று தீர்மானித்தேன்.

மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்: "ஒரு கையாலயா அடிச்சான், ரெண்டு கையாலயா?"

"ரெண்டு கையாலயும் தூக்கிதான் வுட்டான். நல்லாத்தான் கீறான் உன் தம்பி."

அம்மா வீக்கத்தை இன்னொரு தரம் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அன்று வயிறாரச் சாப்பிட்டாள். அடிவாங்கியவரும் சிரித்துக்கொண்டே தன் மீன் துண்டை அவள் தட்டில் வைத்தார். இருவர்மேலும் கோபம் கொண்டு, நான்தான் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.