மலைக்கு முதுகு காட்டும் இருக்கை

அந்தப் பூங்காவில் அவளுக்குத் துணைக்காரி என்று பேர். அங்கே ஓடும் ரோலர் கோஸ்டரில் ஒரு வண்டிக்கு இரண்டே இருக்கைகள். ஒரு பக்கம் காலியாக ஓடினால் வளைவில் வண்டி சாய்ந்து உலுக்கும். அதனால் தனியாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் ஏறி உட்கார வேண்டும். அந்த ஆள் அவள்தான்.

"கத்துறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே மனுஷி நீதான்" என்று கேன்டீன்காரர் கிண்டலடிப்பார். உண்மையில் அவள் கத்துவதே இல்லை. பக்கத்தில் கத்துகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போவாள். கண் செருகினால், உதடு வெளுத்தால், கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கீழே முதலுதவிக்காரர் தயாராகிவிடுவார். அதிகம் பேர் மயங்குவது உச்சியில், வண்டி ஒரு கணம் நின்று மூச்சு விடும் இடத்தில்.

அந்த இடத்தில்தான் இடது பக்கம் மலைத்தொடர் மொத்தமும் திறந்து கிடக்கும். வெளியூரிலிருந்து ஜனங்கள் வருவதே அதைப் பார்க்கத்தான். அவள் இருக்கை இடது ஓரம். வருகிறவர் வலது ஓரம். "இடது பக்கம் பாருங்க" என்று அவள் சொல்ல, அவர்கள் அவளைத் தாண்டி மலையைப் பார்ப்பார்கள். அவளோ அவர்களையே பார்த்தபடி மலைக்கு முதுகு காட்டிக்கொண்டிருப்பாள். யாராவது கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியோடு வந்தால், அந்தக் கண்ணாடியில் கொஞ்சம் மலை தெரியும். கீழிருந்து பார்க்கலாமென்றால் மரங்கள் மறைக்கும். அவள் தங்கியிருக்கும் அறையோ பள்ளத்தில், சலவைக் கூடத்துக்குப் பின்னால். அதன் ஜன்னலைத் திறந்தால் ஈரத் துணி தெரியும்.

அம்மா போன பிறகு தம்பியை அவள்தான் வளர்த்தாள். பெரிய ஊரில் வேலை, குடும்பம் என்று ஆன பிறகு அவன் போனில் மட்டும் இருந்தான். ஒருநாள், "அக்கா, வேலையா அந்தப் பக்கம் வர்றேன். உன் ராட்டினத்துல ஒரு சுத்து ஏறிடுவோம்" என்றான். விடுமுறையை மாற்றி வாங்கி, சீருடை போடாமல் டிக்கெட் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். மலையை முதல் தடவை பார்க்கும்போது பக்கத்தில் தன் ஆள் ஒருவன் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

ஆபரேட்டர் இருவரையும் ஏற்றி, தொடைமேல் கம்பியை இறக்கினார். "இன்னைக்கு நீ விருந்தாளி. ஒழுங்கா வேடிக்கை பாரு."

வண்டி ஏறத் தொடங்கியதுமே தம்பி வெலவெலத்துப் போனான். "அக்கா, முடிஞ்சதும் சொல்லு" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

உச்சியில் வண்டி நின்றது. அவன் நெற்றியில் வியர்வை. உதடு வெளுக்கிறதா? இல்லை. மூச்சு சீராக இருக்கிறதா? இருக்கிறது. முன்தலையில் முடி கொட்டத் தொடங்கியிருக்கிறது, இது எப்போது? காதோரம் அந்தப் பழைய தழும்பு. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வண்டி விழுந்தது.

மலைப் பக்கம் திரும்பவே இல்லை என்பது கீழே வந்ததும்தான் உறைத்தது.

"அப்பாடா! மலை நல்லா தெரிஞ்சுதா அக்கா?" என்றான், சட்டையை இழுத்துவிட்டபடி.

"ம், நல்லா தெரிஞ்சுது. இன்னொரு தடவை போவோமா?"

"ஐயோ, ஆளை விடு! கார் நிக்குது, ஆபீஸ்காரங்க காத்திட்டிருக்காங்க. அடுத்த தடவை தங்குறேன், சரியா?"

கார் கண்ணாடிக்குள்ளிருந்து அவன் கையசைத்தது வளைவு வரை தெரிந்தது. அவள் திரும்பி ரோலர் கோஸ்டருக்கே வந்தாள். ஆபரேட்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னொரு சுத்து போறியா?"

"யாரு கூட? நீங்க வருவீங்களா?"

"என் பொண்டாட்டி கொன்னுடுவா. மாப்பிள்ளை சும்மாத்தான் உக்காந்திருக்கார்."

மாப்பிள்ளை என்பது காலைச் சோதனை ஓட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பி ஏற்றும் ரப்பர் பொம்மை. தூக்கி வலது இருக்கையில் வைத்துக் கட்டினார்கள். "பத்திரமா கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றார் ஆபரேட்டர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உச்சியில் கழுத்து பழக்கத்தில் வலது பக்கமே திரும்பியது. பொம்மைக்கு முகமில்லை. கண் செருகுமோ என்று பார்க்க ஒன்றுமே இல்லை. அவள் இடது பக்கம் திரும்பினாள்.

கண்ணாடிகளில் துண்டு துண்டாகப் பார்த்து அவள் மனதில் கட்டி வைத்திருந்த மலை வேறு. அதில் கூரான சிகரம் வலக்கோடியில் இருக்கும். இங்கே அது இடக்கோடியில் நின்றது. அடிவாரத்தில் ஒரு வண்டிப்பாதை நெளிந்து போனது. அதில் எறும்பு மாதிரி ஒரு கார், அவனுடையதாகவும் இருக்கலாம்.

"பாத்தீங்களா, சிகரம் இந்தப் பக்கம்..." என்று வலப்பக்கம் திரும்பினாள். பொம்மைக்குள் தண்ணீர் குலுங்கியது.

இறங்கியதும் தம்பிக்குச் சொல்லலாமென்று போனை எடுத்தாள். எண்ணைத் தொடப் போனபோது விரல் நின்றது. நல்லா தெரிஞ்சுது என்று அவனிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. இப்போது எதைப் புதிதாகச் சொல்வது?

போனைப் பையில் போட்டுவிட்டு, மாப்பிள்ளையின் வாரைக் கழற்றப் போனாள்.