புள்ளி போட்ட உடுப்பு

சுற்றுலா வேன் ஓட்ட வருகிற தம்பிமாருக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். காட்டில் யானை துரத்தினால் ரிவர்ஸ் கியர் இருக்கிறது. வாய் தவறினால் ரிவர்ஸ் கிடையாது.

யுத்தம் கடைசிக் கட்டத்தில் இருந்த காலம். இரத்தினபுரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை ஏற்றிக்கொண்டு போனேன். முதலில் சிங்கராஜா மழைக்காடு. அட்டை கடித்ததுதான் மிச்சம். அடுத்து உடவளவைப் புல்வெளி. யானைகள் எல்லாம் பின்பக்கத்தையே காட்டிக்கொண்டு நின்றன. துரைசாணியின் முகம் வாடிவிட்டது. கடைசியாகத் தெரணியகலைக்கு மேலே, தேயிலை முடிந்து மலைக்காடு தொடங்குகிற இடத்தில், பாறை மேல் ஒரு சிறுத்தை படுத்திருந்தது. அடேயப்பா! தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். சந்தோஷம் தாங்கவில்லை.

அதே சந்தோஷத்தோடு கீழே ஆமிக்காரர்கள் வண்டி மறித்துச் சோதிக்கிற சென்ட்ரியில் வேனை நிறுத்தினேன். கோப்ரல் என் அடையாள அட்டையைப் புரட்டிக்கொண்டே, சும்மா பேச்சுக்கு, சிங்களத்தில் கேட்டார்.

"மேல என்ன பார்த்த?"

"கொட்டியா சேர்!"

சிறுத்தைக்குச் சிங்களத்தில் 'திவியா' என்று நல்ல சொல் இருக்கிறது. கடையிலும் பஸ்ஸிலும் பழகிய என் வாய்க்கு வந்தது 'கொட்டியா'. புலி. அந்தக் காலத்தில் புலி என்றால் யாரென்று கைக்குழந்தைக்கும் தெரியும்.

"எத்தன பேரு?"

"ஒண்ணுதான் சேர். நல்லா சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கு."

"உடுப்பு?"

"மஞ்சள்ல கறுப்புப் புள்ளி..."

'உடுப்பு' அப்போதுதான் மண்டையில் ஏறியது. அதற்குள் என்னை முழங்காலில் இருத்தி, துப்பாக்கியை நெஞ்சில் வைத்துவிட்டார்கள். தமிழ்ப் பேர் ஒன்றுக்காகவே முகாமுக்கு ஏற்றப்பட்டவர்கள் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளிலேயே இருந்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

"மிருகம் சேர், மிருகம்!" என்று அழுதேன்.

"அவனுங்க மிருகந்தான். எடத்தக் காட்டு" என்றார் கோப்ரல்.

என்னை முன்னால் நடக்கவிட்டுத் துப்பாக்கிகளோடு வந்தார்கள். மறுபடியும் சிறுத்தை பார்க்கப் போகிறோம் என்று துரைசாணியும் கேமராவோடு வேனிலிருந்து இறங்கிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் இங்கிலீஷ் வரவில்லை.

பாறைக்கு அந்தப் பக்கம் கோப்ரல் தனியாகப் பதுங்கிப் போனார். போன வேகத்தில் தொப்பி இல்லாமல் திரும்பி ஓடிவந்தார்.

"கொட்டியா! கொட்டியா!"

மற்ற ஆமிக்காரர்கள் தொப்பென்று தரையில் விழுந்து, அவர் வந்த பக்கமே துப்பாக்கியை நீட்டினார்கள். சிறுத்தை பாறை மேல் எழுந்து நின்று எங்களைப் பார்த்தது, பிறகு காட்டுக்குள் இறங்கிப் போனது. ஆமிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துரைசாணி கை தட்டினாள்.

கோப்ரல் கத்தியதும் நான் சொன்ன அதே சொல்தான். அவருக்குக் கிடைத்தது சிரிப்பு, எனக்குக் கிடைத்தது முழங்கால். அன்று வந்த கோபம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இனிமே திவியான்னு சொல்லு" என்றார். நீங்களுந்தான் சேர் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு யுத்தம் முடியும்வரை எந்தச் சென்ட்ரியிலும் நான் காட்டியது அட்டை மட்டும்தான். பேரைக் கேட்டால் அடையாள அட்டை. காட்டில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், கால்சட்டையைத் தூக்கி, காலில் தொங்குகிற அட்டை.