அம்மன் பம்புக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு

காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சாமி விளக்கை ஏற்றிக் கும்பிட்ட கையோடு போனைப் பார்த்தேன். எங்கள் பெண்கள் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. நடுவில் ஜெசிந்தாவின் முகம், கீழே பெயர், சுற்றிலும் வெறும் வெள்ளை. எழுத்தைப் படிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. பஸ்ஸில் போகிறவர் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தாலே விஷயம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அதுதான் படம் என்று எனக்குச் சொன்னவள் அவள்தான். விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது: ஜெசி போய்விட்டாள். விளக்குக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் படத்தைச் செய்து அனுப்பியது அவள் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ். பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள், அதில் ஜெசி வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய எந்தப் போட்டோவிலும் அப்படித்தான், ஒன்றே ஒன்றைத் தவிர. பாப்பாரப்பட்டியில் அவள் கடைக்குப் பத்திரிகை அடிக்கவும் பேனர் அடிக்கவும் போய்வந்த உங்களுக்கு, அந்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாரியம்மன் பண்டிகை முடிந்ததும் வரவு செலவை நோட்டீஸாக அடித்து வீட்டுக்கு வீடு கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். நான் எட்டாவதுக்கு மேல் படித்தவள் இல்லை. ஆனாலும் குழுவுக்குக் கணக்கு எழுதுவது நான்தான் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஜெசியின் கடைக்கு முதன்முதலாகப் போனது அதற்காகத்தான். மேலே அம்மன் வேண்டும், இரண்டு பக்கமும் சூலம் வேண்டும், கீழே தாமரை, பெயர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கலரில் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"அக்கா, பந்தியில எல்லாரும் ஒரே நேரத்துல எனக்கு எனக்குன்னு கத்துனா, பரிமாறுறவ யாருக்கு ஊத்துவா?"

"முதல்ல உக்காந்தவங்களுக்கு."

"இந்த நோட்டீஸுல முதல்ல உக்காந்தது யாருங்க?"

யோசித்துப் பார்த்தேன். "அம்மன்தான்" என்றேன்.

"அப்ப அம்மன் பேரு பெரிசா இருக்கட்டும். மத்தவங்க சத்தம் போடாம அவங்கவங்க எடத்துல உக்காரட்டும்."

பிறகு என் கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தாள். ஒற்றைக்குக் கீழே ஒற்றை, பத்துக்குக் கீழே பத்து என்று நான் எழுதியிருந்த வரிசை மேல் விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். "கம்ப்யூட்டர்ல இதுக்குப் பேரு அலைன்மென்ட். நீங்க பாதி டிசைனருக்கா" என்றாள்.

"மீதிப் பாதி?"

"எதை வைக்காம விடணும்னு தெரியறது. எலையில எடம் இருந்தாத்தானே பொரியல் எது கூட்டு எதுன்னு தெரியும்?"

அதிலிருந்து சந்தைக்குப் போகிற நாளெல்லாம் அவள் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அவள் வகுப்பு எடுக்கவில்லை. வேலை செய்துகொண்டே பேசுவாள், நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு தடவை எதிர்ச் சுவரில் கட்டிக் கிடந்த பழைய கல்யாண பேனரைக் காட்டினாள். "பாருங்க, மாப்பிள்ளை நீலமாயிட்டாரு."

"சிவபெருமான் ஆயிட்டாருன்னு சொல்லு" என்றேன்.

வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வெயில்ல மஞ்சளும், மெஜந்தாங்கிற ரோஸ் கலரும்தான்கா முதல்ல சாகும். நீலமும் கறுப்பும் கடைசி வரைக்கும் நிக்கும். வெளிய கட்டுற பேனருக்கு எதைச் செஞ்சாலும் அதை மனசுல வெச்சுட்டுச் செய்யணும்."

அவள் ஏன் எப்போதும் வாயைப் பொத்துகிறாள் என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. கல்யாண ஆல்பத்துக்கு வருகிறவர்கள் கலரையோ டிசைனையோ கேட்பதற்கு முன்னால், குரலைத் தாழ்த்தி, "பல்லைக் கொஞ்சம் வெள்ளையாக்கிடுங்க" என்பார்கள். நம் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையில் அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை ஏறிவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சிலருக்குக் காலும் வளைந்துவிடும். ஜெசிக்குக் கால் தப்பியது, பல் தப்பவில்லை.

"இந்தச் சுத்துவட்டாரத்துல நான் வெளுக்காத பல்லே இல்லக்கா" என்பாள். "பேனர்ல பொண்ணு பளிச்சுன்னு சிரிக்குது. மணவறையில அதே பொண்ணு தலையைக் குனிஞ்சா, எல்லாரும் வெக்கம்னு நினைச்சுக்கிறாங்க."

எங்கள் தெருவில் ஒரு அடிபம்பு இருக்கிறது. ஒரு நாள் யாரோ வந்து தண்ணீரைச் சோதித்துவிட்டு, குடிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாக அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் பம்பு செவ்வாடை கட்டியது போல நிற்கிறது. பக்கத்து வீட்டு மாதம்மாள் அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழமும் வந்தது. எதிர் வீட்டுப் பம்பில் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எங்கள் பம்புக்கு வர ஆரம்பித்தார்கள். அதற்கு அம்மன் பம்பு என்று பேரே விழுந்துவிட்டது.

இதை ஜெசியிடம் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டாள். "சிவப்புன்னா நில்லுன்னு ரோட்டுல வண்டி ஓட்டுறவனுக்குத்தான்கா தெரியும். உங்க தெருவுல சிவப்புன்னா வாங்கன்னு அர்த்தம்."

"இப்ப என்ன பண்றது?"

"அவங்க பேசுன பாஷை தப்பு. நாம வேற பாஷையில பேசுவோம்."

காசு வாங்காமல் போர்டு செய்ய ஆரம்பித்தாள். முதலில் ஒரு தம்ளர் படம், அதன் மேல் பெருக்கல் குறி. பம்புக்குப் பக்கத்தில் கட்டிவிட்டு நாங்கள் ஓரமாக நின்று பார்த்தோம். அவள் எதைச் செய்தாலும் அப்படித்தான், யாருக்குச் செய்தாளோ அவர்கள் முகத்தைப் பார்க்காமல் போகமாட்டாள். மாதம்மாள் குடத்தோடு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னா சாமி, டீக்கடை லீவா?"

அடுத்த தடவை கால் வளைந்த ஒரு குழந்தையை வரைந்து கொண்டுவந்தாள். அதைப் பார்த்ததும் மாதம்மாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய சின்ன மகளுக்குக் கால் அப்படித்தான் இருக்கும். "எம்புள்ளையைப் படம் போட்டுத்தான் ஊருக்குப் புத்தி சொல்லோணுமா?" என்றாள். ஜெசிக்கு முகம் செத்துவிட்டது. அந்த நிமிஷமே ஏறி அந்தப் போர்டை அவிழ்த்தாள். பஸ் ஏறும்போது சொன்னாள்: "அடுத்தவங்க வேதனையைக் கடன் வாங்கிப் படம் பண்ணக் கூடாதுக்கா."

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினாள். போனால், கடையை உள்பக்கம் தாழ் போட்டுவிட்டு, என் போனில் அவளைப் படம் எடுக்கச் சொன்னாள்.

"கிட்ட வாங்க. இன்னும். கண்ணு வேணாம், மூக்கு வேணாம். வாய் மட்டும்."

"ஏன் ஜெசி இப்படி?"

"ஒரு படத்துக்கு ஒரு வேலைதான்கா. முகம் தெரிஞ்சா அழகா இல்லையான்னு பாப்பாங்க."

வாயைத் திறந்தாள். ஆனால் சிரிப்பு வரவில்லை. "ஏதாவது சொல்லுங்கக்கா" என்றாள். "என்னா சாமி, டீக்கடை லீவா?" என்றேன். சிரித்துவிட்டாள். கை மேலே போவதற்குள் நான் எடுத்துவிட்டேன். அதுதான் அந்த ஒரு படம்.

அதை அப்படியே பெரிதாக அடித்தாள். பழுப்பேறிய பல் ஒவ்வொன்றும் தெரிந்தது. ஊரெல்லாம் பல்லை வெளுத்தவள் தன் பல்லில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. அதற்குக் கீழே அடர்ந்த கறுப்பில் ஒரு பெரிய அம்பு. தெருக்கோடி டேங்கில் அப்போதுதான் ஆற்றுத் தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது, அம்பு அந்தப் பக்கம் காட்டியது. "போகாதேன்னு சொல்றது பாதிப் படம்தான். எங்க போகணும்னு சொன்னாத்தான் முழுப் படம்" என்றாள்.

மாதம்மாள் வந்தாள். "யார் பல்லு இது?"

"என்னோடதுதாங்க அக்கா" என்று ஜெசி வாயை மூடாமல் சிரித்துக் காட்டினாள்.

மாதம்மாள் அவளைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பம்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்பு காட்டிய பக்கம் நடந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். அன்றைக்கு ஜெசி எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். சாப்பிடும்போதும் பேசும்போதும் ஒரு தடவைகூடக் கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

இதோடு நான் நிறுத்திக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும்.

கோடையில் டேங்குக்குத் தண்ணீர் வருவது குறைந்தது. மோட்டார் என்றார்கள், வழியில் பைப் உடைப்பு என்றார்கள். வரிசையில் குடங்கள் காய்ந்து கிடந்தன. மழை வந்தும் அந்தக் குழாய் சரியாகவில்லை. எப்போதாவது ஒரு நாள் வரும், சத்தம் மட்டும் வந்துவிட்டு நின்றும்போகும். பெண்கள் ஒவ்வொருவராகப் பம்புக்குத் திரும்பினார்கள். யாரும் போர்டை அண்ணாந்து பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, குடத்தோடு நானும் அங்கேதான் நின்றேன்.

ஜெசி ஒரு தடவை வந்து பார்த்தாள். பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள், மேலே போர்டில் அவள் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "அம்பு காட்டுற எடத்துல ஒண்ணும் இல்லேன்னா அது டிசைன் இல்லக்கா, பொய்" என்றாள். அவளுக்கு உடம்புக்கு முடியாமல் இருந்தது அப்போதே முகத்தில் தெரிந்தது.

கடைசியாகப் பார்த்தது தருமபுரி ஆஸ்பத்திரியில். காமாலை முற்றி ஈரலில் இறங்கிவிட்டது. மாரியம்மன் குங்குமம் கொண்டுபோயிருந்தேன். அவள் தலைமாட்டில் மாதா படமும் ஜெபமாலையும் இருந்தன. வைக்கலாமா என்று தயங்கினேன், அவளே நெற்றியைக் காட்டினாள். பிறகு கண்ணை விரித்துக் காட்டினாள். "பாருங்கக்கா, நூத்துக்கு நூறு மஞ்சள். பிரிண்டர்ல இப்படி வராது." ஆரோக்கியராஜ் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "டேங்குல தண்ணி வருதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"அப்ப அந்த அம்பை எடுத்துடுங்க."

எடுப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குத் தண்ணீர் வந்துவிடும், அம்பு இருக்கட்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் வரவில்லை. போனில் இந்தப் படம்தான் வந்தது.

அடக்கம் முடிந்து, கல்லறையில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு ஊர் திரும்பியதும், கையில் பிளேடோடு பம்புக்குப் போனேன். மாதம்மாள் வீட்டு விசேஷத்துக்கு வந்த வெளியூர் அம்மா ஒருவர் அங்கே கை கழுவிக்கொண்டிருந்தார். அண்ணாந்து போர்டைப் பார்த்தார்.

"யாருங்க இது? பல்லு முத்தாட்டம் இருக்குது. இந்தத் தண்ணி குடிச்சு வளந்ததா?"

அப்போதுதான் நானும் நிமிர்ந்து பார்த்தேன். தினமும் அதன் கீழே நின்றவள், பார்த்து எவ்வளவு நாளாகிறது! வெயிலில் மஞ்சள் போய்விட்டது, மெஜந்தா போய்விட்டது. பழுப்புக் கறை அதோடு சேர்ந்து கரைந்துவிட்டது. மிஞ்சியது லேசான நீலம் ஓடிய வெள்ளைப் பல். பற்பசை விளம்பரம் போல, சிவப்புப் பம்புக்குப் பக்கத்தில் ஜெசி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் செய்யமாட்டேன் என்று விட்டதை வெயில் செய்துவிட்டது.

அந்த அம்மா இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்தினார்.

"குடிக்காதீங்க" என்றேன்.

"அப்ப குடிக்கிற தண்ணி எங்கம்மா இருக்குது?" என்று கேட்டார். நல்ல மனுஷி, நிஜமாகவே கேட்டார். நான் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போர்டிலிருந்த அம்பு அழுத்தமான கறுப்பில் காய்ந்த டேங்கைக் காட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு கடைசி வரைக்கும் நிற்கும் என்று அவள் சொன்னது சரிதான். பதில் வராததால் அவர் குடித்தார்.

புதிதாக ஒன்று அடித்து மாட்டலாமே என்று ஆரோக்கியராஜ் கேட்டார். அடிக்கலாம். அம்பை எந்தப் பக்கம் திருப்புவது?

ஜெசியைத் தெரிந்தவர்கள் அவளிடமிருந்து ஆளுக்கொன்று வைத்திருப்பீர்கள், ஆல்பமோ பத்திரிகையோ. என்னிடம் இருப்பது அந்த அம்பு. அவள் சொன்னபடி வெட்டி எடுத்துவிட்டேன். வாய் மட்டும் அங்கேயே இருக்கிறது, அதைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. அம்பைச் சாமி அலமாரியில் வைத்தேன். ஒரு பக்கம் வைத்தால் சுவரைக் காட்டியது, திருப்பி வைத்தால் வாசலைக் காட்டியது, நேராக வைத்தால் அம்மனையே காட்டியது. எப்படி வைத்தாலும் எதையாவது காட்டத்தான் செய்கிறது. அதனால் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.