மிலாடாவின் மகளை நான் ஜெயித்த கதை

டெக்சாஸ் வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் காலையில் கட்டிய தயிர்சாத டப்பாவும், வியர்வையில் ஊறிய துண்டும், நீல நிறப் பானம் சிந்திக் காய்ந்த இருக்கையும் சேர்ந்து ஒரு புளித்த வாடை கிளப்பும். என் பன்னிரண்டாவது வயது முழுவதும் எனக்கு அந்த வாடையாகத்தான் நினைவிருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அப்பா எங்கள் ஊரான பிளானோவிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு "டோல்வே" சுங்கச்சாலையில் ஏறி, ஏதாவது ஓர் ஊரின் டென்னிஸ் மைதானத்துக்கு "டோர்னமென்ட்" ஆடக் கொண்டுபோவார். போகிற வழியெல்லாம் எதிராளியின் ஜாதகம் வாசிப்பார். அந்தப் பெண் இதுவரை யாரிடம் தோற்றாள், யாரை ஜெயித்தாள் என்பதையெல்லாம் இணையத்தில் தேடி, அலுவலகத்தில் அச்செடுத்து, என் மடியில் வைத்துவிடுவார். அவர் ஈரோட்டுக்காரர், டென்னிஸ் ராக்கெட்டைக் கையில் பிடித்ததே இல்லை.

அந்த வயதுப் போட்டிகளில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவர் கிடையாது. நம் பக்கம் விழும் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று நாமேதான் சொல்ல வேண்டும். வெளியே என்றால் விரலை உயர்த்தி "அவுட்" என்று சொல்வது வழக்கம். துளி சந்தேகம் வந்தாலும் பந்து உள்ளே என்று எதிராளிக்கு விட்டுவிட வேண்டும். பெற்றோர் வேலிக்கு வெளியே நின்று கைதட்டலாமே தவிர ஆட்டம் சொல்லிக்கொடுக்கக் கூடாது. இந்த இரண்டாவது விதியைத்தான் நம்மவர்கள் தமிழை வைத்து உடைத்தார்கள். "அவளுக்கு பேக்ஹேண்ட் வராது, அங்கயே போடு கண்ணு" என்பதை, ஏதோ உற்சாகப்படுத்துகிற ராகத்தில் அப்பா நீட்டிச் சொல்வார். "மூச்சு வாங்குறா, ஓட விடு" என்பார். பக்கத்தில் இருக்கும் அமெரிக்கப் பெற்றோர், எவ்வளவு அன்பான தகப்பன் என்று அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நம் மொழியின் பெருமையை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். எனக்கோ அது வேலியோரத்துத் திருட்டுக்குத் தோதான மொழியாகத்தான் முதலில் பழக்கமானது. இது தப்பில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

அந்தக் கோடையில்தான் எமா என்கிற பெண்ணின் பெயர் அட்டவணையில் எனக்கு எதிரே வந்தது. எமாவின் அம்மாவை மிலாடா என்று வைத்துக்கொள்வோம். ஸ்லோவாக்கியாவில் பிறந்து, பதினாறு வயதிலேயே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, பதினோரு ஆண்டுகள் ஐரோப்பா முழுவதும் ஆடி, முழங்கால் போனதால் ஓய்வு பெற்று, எப்படியோ டெக்சாஸ் வந்து சேர்ந்தவர். எங்கள் பக்கத்து ஊர் கிளப் ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்கு ராக்கெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். உயரமாக, வெயிலில் கன்றிய தோளோடு, இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். அப்பா வழக்கம்போல அவர் பெயரையும் தேடி, அவருடைய ஆட்ட வாழ்க்கை மொத்தத்தையும் நான்கு தாளில் அச்செடுத்துவிட்டார். மிலாடா எட்டிய மிக உயர்ந்த இடம், உலகத்தில் நூற்று நாற்பத்து மூன்று.

அந்தத் தாளை அப்பா, ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் வெள்ளிக்கிழமை "பாட்லக்" விருந்துக்கே கொண்டுபோனார். பிரியாணித் தட்டோடு அங்கிள்கள் எல்லோரும் அதைக் கைமாற்றிப் பார்த்தார்கள். "நூத்தி நாப்பத்தி மூணா? அவ்ளோதானா?" என்றார் சென்னைக்கார ரவி அங்கிள். எல்லோரும் சிரித்தார்கள். என்ட்ரன்ஸ் பரீட்சையின் ரேங்க் பட்டியலைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு மூன்று இலக்கம் என்றால் சுமாரான பிள்ளை, நல்ல காலேஜில் சீட் கிடைக்காத பிள்ளை. உலகம் முழுக்க அந்த ஆட்டத்தை ஆடுகிற பெண்களில் நூற்று நாற்பத்து இரண்டு பேர் மட்டுமே தனக்கு முன்னால் என்கிற இடத்தில் ஒருத்தி நின்றாள் என்பது அந்தக் கூடத்தில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. அப்பா என்ட்ரன்ஸில் வாங்கியது நாலாயிரத்துச் சொச்சம். அதையே முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். நானும் அன்று சிரித்தேன் என்பதை மறைப்பானேன்.

மறுநாள் ஆட்டம். ஜெயிப்பவளுக்கு மாநிலப் போட்டியில் இடம். தோற்பவள் அடுத்த வருஷம்வரை காத்திருக்க வேண்டும். முதல் செட்டை எமா எடுத்தாள், இரண்டாவதை நான். என் முதுகுப்பக்கத்து வேலியில் அப்பாவும், அவரிடமிருந்து நான்கு அடி தள்ளி மிலாடாவும் நின்றிருந்தார்கள். அப்பா தமிழில் பாடிக்கொண்டே இருந்தார். மிலாடா மகளுக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாங்கள் இருவரில் யார் நன்றாக அடித்தாலும் ஒரே அளவாகக் கைதட்டினார். அவருக்கும் ஒரு மொழி இருந்தது, அதுவும் அங்கே ஒருவருக்கும் புரியாத மொழி. நினைத்திருந்தால் அவரும் பாடியிருக்கலாம்.

முடிவைத் தீர்மானிக்கும் கடைசி டைபிரேக்கரில் நான் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தேன். அடுத்ததும் எனக்கு வந்தால் ஆட்டம் முடிந்தது. எமா என் பக்கத்து எல்லைக்கோட்டை நோக்கி நீளமாக ஒரு ஃபோர்ஹேண்ட் அடித்தாள். எனக்கு எட்டாத பந்து. திரும்பிப் பார்த்தேன், பந்து வெள்ளைக் கோட்டின் மேல் பளிச்சென்று விழுந்து எழும்பியது. அதில் எள்ளளவும் சந்தேகமில்லை. அப்பா மொத்த ஆட்டத்திலும் அந்த ஒரு நொடிதான் வாயைத் திறக்காமல் இருந்தார். நான் விரலை உயர்த்தினேன். "அவுட்."

எமா வலையருகே வந்து, "ஆர் யூ ஷ்யூர்?" என்று கேட்டாள். அந்த வயதில் அதற்கு மேல் கேட்க ஒன்றும் கிடையாது. "யெஸ்" என்றேன். அவள் கண் கலங்கி என் தோளுக்கு மேலாகத் தன் அம்மாவைப் பார்த்தாள். மிலாடா மெல்லத் தலையை ஆட்டினார். வாக்குவாதம் வேண்டாம், கைகொடு என்று அதற்கு அர்த்தம். எமா கைகொடுத்தாள். அவள் உள்ளங்கை சில்லென்று ஈரமாக இருந்தது. காருக்குப் போனதும் நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பா எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை நேரில் பார்க்கும் பாக்கியமும் எனக்கு வாய்த்தது. அடுத்த வாரம் அப்பா என்னை அந்த கிளப்புக்கே அழைத்துப்போய், என் மகளுக்கு நீங்களே கோச்சிங் கொடுக்க வேண்டும் என்று மிலாடாவிடம் கேட்டார். மிலாடா பந்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. முடியாது என்றார் அவருடைய உடைந்த ஆங்கிலத்தில். ஏன் என்று அப்பா விடாமல் கேட்டதும், "நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு காலை இழுத்தபடி போய்விட்டார்.

"பொறாமைங்க, வேறென்ன" என்று அடுத்த பாட்லக்கில் அப்பா சொன்னார். மகள் தோற்றதைத் தாங்க முடியாதவள் என்றார். அதனால்தான் நூற்று நாற்பத்து மூன்றிலேயே நின்றுவிட்டாள் என்று ரவி அங்கிள் முடித்துவைத்தார். நான் அங்கேயே சோபாவில் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்தேன். சீ என்று இன்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அன்று இன்னொரு கரண்டி கேசரி போட்டுக்கொண்டேன். மாநிலப் போட்டியில் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினேன் என்பதை எந்த பாட்லக்கிலும் ஒருவரும் பேசவில்லை. பேசப்பட்டதெல்லாம், முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரியின், அவர்கள் வார்த்தையில் "ப்ரோ"வின், மகளை நான் ஜெயித்த கதைதான். கல்லூரி விண்ணப்பத்துக்குக் கட்டுரை கேட்டபோதும் அதையே எழுதச் சொன்னார் அப்பா. விடாமுயற்சி என்று தலைப்பு வைத்து எழுதினேன். சீட் கிடைத்தது.

முப்பது வயதுக்கு மேல், ரவுண்ட் ராக் என்கிற ஊருக்கு வேலைக்குப் போன பிறகு ஒருநாள், அந்த நான்கு தாளில் இருந்ததை நானே இணையத்தில் தேடி முதன்முறையாக முழுசாக வாசித்தேன். பதினோரு வருஷமும் வரிவரியாக அங்கே இருந்தது. போலந்திலும் துருக்கியிலும் இத்தாலியிலும் நான் கேள்விப்படாத ஊர்கள்; ஒரு வாரம் ஓர் ஊர், மறுவாரம் இன்னோர் ஊர்; பெரும்பாலும் இரண்டாவது சுற்றில் தோல்வி. ஒரே ஒரு முறை பெரிய போட்டி ஒன்றில் தகுதிச் சுற்று மூன்றையும் தாண்டி உள்ளே போயிருக்கிறார். முதல் ஆட்டத்திலேயே மூன்றாவது செட்டில் தோற்றிருக்கிறார். அதற்குப் பிறகு எட்டு மாதம் வெறுமை, முழங்காலாக இருக்க வேண்டும். பிறகு நான்கு ஆட்டம், நான்கிலும் தோல்வி, பக்கம் முடிந்துவிட்டது. அந்தத் தோல்விகளில் ஒன்றையாவது ஏதாவது தந்திரம் செய்து வெற்றியாக்கிக்கொள்ளும் சந்தர்ப்பம் அவருக்கு வராமலா இருந்திருக்கும்? எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்த மைதானத்தில் இப்போது டென்னிஸ் இல்லை. கோடுகளை அழித்துவிட்டு, பிக்கில்பால் என்கிற புது ஆட்டத்துக்காகச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துவிட்டார்கள். மிலாடா வேறு மாநிலம் போய்விட்டதாக கிளப்பில் சொன்னார்கள். எங்கே என்று தெரியவில்லை. எமா பதினான்கு வயதோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டாளாம்.

போன மாதம் என் மகனின் பிறந்தநாளைப் பிளானோவில் அப்பா வீட்டில் வைத்திருந்தோம். பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த திருப்பூர்த் தம்பதி வந்திருந்தார்கள். எட்டு வயது மகளை டென்னிஸில் சேர்த்திருக்கிறார்களாம். போதாதா, அப்பா அந்தக் கதையை எடுத்துவிட்டார். கடைசி பாயிண்ட் வந்ததும் என்னால் முடியவில்லை.

"பால் உள்ளதான்ப்பா விழுந்துச்சு" என்றேன். "நான் பொய் சொன்னேன்."

இருபது வருஷமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கேக்கை மென்று விழுங்கினார்.

"தெரியும் கண்ணு" என்றார் நிதானமாக. "நான் பின்னாடியேதான நின்னேன். அவுட்டுன்னு சொல்லுன்னு கத்தலாம்னு வாயத் தொறக்கறேன், அதுக்குள்ள நீயே வெரலத் தூக்கிட்ட. இனி இவ இந்த ஊர்ல பொழச்சுக்குவான்னு அன்னைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு."

இத்தனை வருஷமாக அவர் ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தது என் ஆட்டத்தைப் பற்றி அல்ல. திருப்பூர்க்காரர் மெச்சுதலாகத் தலையாட்டினார். அவர் மனைவி என் பக்கம் திரும்பி, தங்கள் மகளை எந்த வயதில் டோர்னமென்ட் அனுப்ப ஆரம்பிக்கலாம் என்று கேட்டாள்.