கிளையண்டிடம் பேசக் கூடாதவள்

1. கோடை மழை ஒரு நாள் கொட்டித் தீர்த்தது.
2. அடுத்த வாரம் நாகலூர் எஸ்டேட்டில் காப்பிச் செடிகள் மொத்தமும் வெள்ளையாகப் பூத்தன.
3. படம் பிடிக்க அன்றே கேமராமேன் வந்து நின்றார். ஆனால் படம் எடுக்கவில்லை.
4. வெள்ளிக்கிழமை போனோம். பூ கருகியிருந்தது.
5. கேமராமேனுக்கு வேலை போனது.

மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏற்காட்டில் எங்களுடையது சின்ன விளம்பர நிறுவனம். எந்த வேலையை யார், எந்த நாளில் செய்வது என்று திட்டமிட்டு முடிக்க வைக்கும் ப்ராஜெக்ட் மேனேஜர் நான். அக்கவுண்ட் மேனேஜர் அக்கா சேலத்துக்காரர். வாடிக்கையாளரின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கிளையண்டிடம் அவர் ஒருவர்தான் பேச வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் குழப்பம் வரும். நல்ல விதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கிளையண்ட், சென்னையிலிருந்து வந்து எஸ்டேட்டை வாங்கி ரிசார்ட் ஆக்கியவர். பூத்த தோட்டத்தில் விளம்பரப் படம் வேண்டும் என்றார். கேமராமேன் கரடியூர்க்காரர், குடும்பஸ்தர். டவுனில் வைத்திருந்த ஸ்டுடியோவை மூடிவிட்டு எங்களிடம் சேர்ந்திருந்தார். இந்தப் படம் முடிந்ததும் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

பூத்த அன்று காலையில் எஸ்டேட் ரோட்டில் நின்று அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

“அக்கா, பூத்திருச்சுங்க. இன்னைக்கே எடுத்தாகணும். ரெண்டு மூணு நாள்ல கருகிரும்.”

“கிளையண்ட்கிட்ட வெள்ளிக்கிழமைன்னு சொல்லிட்டேன் கண்ணு. அவரு மகன் வெளிநாட்டுல இருந்து வர்றாரு. அவரும் படத்துல நிக்கணுமாம்.”

“அது வரைக்கும் பூ நிக்காதுங்க.”

“செடியில இருக்கற பூவு எங்க போயிரப்போவுது? நொம்பத்தான் பயப்படறே.”

“பூவை மட்டுமாவது எடுத்து வச்சுக்கலாம். அவருகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.”

“சொன்ன தேதிய மாத்துனா எம்மேல வருத்தப்படுவாரு. உன்ற வேலை தேதி போடறது. போட்டாச்சில்ல? போனை வை.”

கேமராமேன் எஸ்டேட் கேட்டுக்கு வெளியே பைக்கில் காத்திருந்தார். “ஏனுங்க, உள்ள போலாமுங்களா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பூவின் வாசனை ரோடு வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கிளையண்டின் மகன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். பழுப்பேறிக் கிடந்த கிளையைத் தொட்டுப் பார்த்து, “இதுக்கா என்னை வரச் சொன்னீங்க?” என்றான்.

கிளையண்ட் அக்காவைப் பார்த்தார். அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை.

“கேமராமேன் லேட் பண்ணிட்டாருங்க சார். சொல்லிச் சொல்லிப் பார்த்தோமுங்க.”

கேமராமேன் என்னைப் பார்த்தார். நான் முன்னே போனேன். “சார், பூத்த அன்னைக்கே இவர் வந்து கேட்ல நின்னாருங்க. உள்ள போக வேண்டாம்னு சொன்னாங்க.”

கிளையண்ட் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அக்காவிடம் கேட்டார்: “யாரும்மா இது?”

“எங்க ஆபீஸ் காலண்டருங்க சார். தேதி கிழிக்க வச்சிருக்கோம்.”

மகன் சிரித்தான். கிளையண்டும் சிரித்தார். சிரித்து முடித்து, கேமராமேனைக் கை காட்டி, “இந்த ஆள் இனிமே என் கண்ணுல படக் கூடாது” என்றார். கேமராமேன் வாயைத் திறந்தார். தன்னைவிட மூத்தவரான அவரிடம் அக்கா குழந்தையை அடக்குவது போலச் சொன்னார்: “சாமி, சார் முன்னால பேசக் கூடாது. கேமரா ஸ்டாண்டை எடுத்துக்கிட்டுக் கெளம்பு.”

அவர் ஸ்டாண்டை மடக்கும் வரை எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

முதலாளியிடம் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவர் நம்பினார். அதுதான் மோசம்.

“எனக்குத் தெரியாதா கண்ணு? அந்தம்மா போனா கிளையண்டும் கூடவே போயிருவாரு. கேமராமேன் போனா கேமராமேன் மட்டுந்தான் போவாரு.” கொஞ்சம் விட்டு, “நீ கிளையண்ட்கிட்டப் பேசினியாமே? அது தப்பு” என்றார்.

எஸ்டேட்டின் இணையதளத்தில் இப்போது இருப்பது வேறு ஏதோ ஊர்த் தோட்டத்தின் பூ. அதில் மகனின் படத்தை வெட்டி ஒட்டும் வேலைக்கும் நான்தான் தேதி போட்டேன். கேமராமேன் சேலத்தில் இன்னொருவரின் ஸ்டுடியோவுக்காகக் கல்யாணப் படம் எடுக்கிறார். நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. அக்கா அக்கவுண்ட், ப்ராஜெக்ட் என்ற இரண்டு பிரிவுக்கும் தலைவராகிவிட்டார். நான் அவருக்குக் கீழே அதே வேலையில் இருக்கிறேன்.