மங்கலான மண்டலங்களும் என் மனைவியும்

என் மனைவி விண்மீன் மண்டலங்களை ஆராய்கிறவள். நான் மைசூரு மண்டி மொஹல்லாவில் மின்சாமான் கடை வைத்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் அவள் காலையில் எழுந்ததும் மடிக்கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து ஏதோ எண்களைப் பார்ப்பாள். பங்குச் சந்தையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டதற்குச் சிரித்தாள்.

"நான் எழுதுன கட்டுரைய வேற ஒருத்தரு அவிய கட்டுரையில எடுத்துச் சொன்னா, இதுல ஒண்ணு கூடுமுங்க. சைட்டேஷன்னு பேரு. எங்க வேலைக்கு இதாங்க மார்க்கு."

அவள் ராமாபுரம் என்ற கிராமத்துக்காரி. எத்தனை வருஷம் நகரத்தில் இருந்தாலும் அந்த 'ங்க' போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன்.

அவளுடைய கட்டுரைகளில் ஒன்றுக்கு மட்டும் மேற்கோள்கள் குவிந்துகொண்டே இருந்தன. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதியது. அதில் தொலைநோக்கிப் படங்களைச் சுத்தம் செய்த பங்குதான் இவளுடையது. அவள் தனியாக எழுதிய கட்டுரை வேறு. மிக மங்கலாகத் தெரியும் விண்மீன் மண்டலங்களைப் பற்றியது. மகள் வயிற்றில் இருந்தபோது தொடங்கி, மகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் முடித்தாள். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடக்கும்போது, அதில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன்.

"பக்கத்துல இன்னொரு கேலக்ஸி வந்து இடிச்சாத்தான் உள்ள இருக்கற வாயு கலங்கி, புது நட்சத்திரம் நெறய பொறக்குமுங்க. இதுக எல்லாம் தனியா ஒதுங்கி இருக்குதுக. அதான் மங்கலா இருக்குதுன்னு எழுதியிருக்கேன்."

"கூட்டுக் குடும்பத்துல இருந்து தனிக்குடித்தனம் வந்த நம்மள மாதிரியா?"

"நம்ம வூட்டுல எங்கீங்க அமைதி? தெனமும் இடிதானே!" என்று என் தோளில் இடித்தாள்.

பதவி உயர்வுக்கான நேர்காணல் வந்தது. அது முடிந்ததும் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்து அவளைக் கூட்டிவந்தேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடியே சொன்னாள்: பெரிய கட்டுரையில் உங்கள் பங்கு சிறியது, சொந்தக் கட்டுரையையோ யாரும் கவனிக்கவில்லை என்றார்களாம். பதவி கிடைக்கவில்லை. எனக்குக் கோபம் பொங்கியது.

"அவங்களுக்கு என்ன தெரியும், பிடும்மா!" என்றேன். 'விடு' என்பதற்குக் கன்னடம்தான் எனக்கு முதலில் வாயில் வரும்.

"அவிய கேட்டதுல தப்பில்லீங்க. ஆனா அது நல்ல கட்டுரைதான்." என்றாள். அன்று முழுவதும் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு என்னவோபோல் இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். "ஏனுங்க! ஏனுங்க!" என்று அவள் அலறியதில் பாம்புதான் வந்துவிட்டது என்று வாயில் நுரையோடு ஓடினேன்.

வெளிநாட்டில் ஓர் இளம் பெண் ஆய்வாளர் அவளுடைய சொந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தார். ஒரு பகுதி முழுக்க அதைப் பற்றியே எழுதியிருந்தார்.

"என்னன்னு எழுதியிருக்காங்க?"

"நான் சொன்ன காரணம் தப்புன்னு!" அவள் கண்கள் நிறைந்திருந்தன. "தனியா இருக்கறது நெசந்தானாம். ஆனா மங்கலா இருக்கறதுக்கு அது காரணமில்லையாம். பொறக்கும்போதே வேகமாச் சுத்துனதால உள்ள இருக்கறதெல்லாம் பரந்து போயி மங்கிப் போச்சாம்."

"தப்புன்னு சொன்னதுக்கா இவ்ளோ சந்தோஷம்?"

"நான் எந்த எடத்துல அவசரப்பட்டேன்னு கரெக்டாப் புடிச்சிருக்குது அந்தப் புள்ள. கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்குதுங்க!"

அன்று கடையைத் தாமதமாகத்தான் திறந்தேன். இருவரும் அடுக்களையில் நின்று கேசரி கிளறினோம். மகளுக்கு விஷயம் பாதிதான் புரிந்தது, கேசரி முழுதும் புரிந்தது.

இவள் அந்தப் பெண்ணுக்கு மின்னஞ்சல் எழுத, அவர் பதில் எழுத, பழக்கமாகிவிட்டது. பதவி உயர்வும் பிறகு வந்தது. பெரும்பாலும் அந்தக் கூட்டுக் கட்டுரையின் எண்ணிக்கையால்தான். உத்தரவைப் படித்துவிட்டு "செரி" என்று மட்டும் சொன்னாள்.

சென்ற குளிர்காலத்தில் அந்தப் பெண் மைசூருக்கே வந்து எங்கள் வீட்டில் தங்கினார். சாப்பாட்டு மேசையில் இருவருக்கும் ஆங்கிலத்தில் பெரிய சண்டை. அவர் கையில் சப்பாத்தியைச் சுழற்றிக் காட்டினார், இவள் "நோ, நோ!" என்று மேசையைத் தட்டினாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "ஏனாயித்து?" என்று கன்னடத்தில் கேட்டார். ஒன்றுமில்லை, நட்சத்திர விஷயம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் இன்னும் கொஞ்சம் குருமா ஊற்றினேன். இருவருமே கவனிக்கவில்லை. இவள் அவ்வளவு அழகாகச் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை.