ஒற்றை விரிப்புக்குச் சுற்றாத மிஷின்

மிஷின் குதிக்கத் தொடங்கியதும் அவள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவாள். பிழியும் தொட்டியின் மூடிமேல் மடித்த சாக்கு, சாக்கின் மேல் அவள். உடம்பெல்லாம் கடகடவென்று ஆடும். அப்போதும் தங்கையோடு போனில் போடும் சண்டையை நிறுத்த மாட்டாள். "இ-இ-இருடி, த-தடியன் நி-நிக்கட்டும்" என்பாள். உள்ளே படுக்கையிலிருந்து கணவர், "என்ன, உன் வாகனம் புறப்பட்டாச்சா?" என்று கேட்பார். மூன்று நிமிஷத்தில் தடியன் நிற்கும். விரிப்பு முக்கால்வாசி உலர்ந்து வெளியே வரும்.

தடியன் இரட்டைத் தொட்டி மிஷின். துவைக்க ஒன்று, பிழிய ஒன்று. மகன் பிறந்த வருஷம் வாங்கியது, வயது முப்பத்தொன்று. நேரம் வைக்கும் குமிழ் உடைந்துபோய்ப் பன்னிரண்டு வருஷமாகக் குறடால்தான் திருப்பினாள். தண்ணீர் வெளியேறும் குழாயைக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தாள். மூன்று தரம் பெல்ட் மாற்றியாயிற்று. மூன்றாவது தரம், பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, அவளே மாற்றினாள். "எப்பக் கூப்பிட்டாலும் வருவான்" என்பாள். தடியனைச் சொல்வாள், மகனை அல்ல.

தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்தவள். தெருவுக்கே எக்ஸ்சேஞ்ச் அக்கா. ஒரே சமயத்தில் நாலு பேரிடம் பேசத் தெரியும், நாலு பேரையும் திட்டவும் தெரியும். இதமாகப் பேசினால் எதிராளி பேச்சை வளர்த்துவிடுவான் என்பது அவள் கட்சி.

நாலு வருஷத்துக்கு முன் கணவருக்குப் பக்கவாதம். இடது பக்கம் போயிற்று, வாய் மட்டும் போகவில்லை. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று விரிப்பு, சில நாள் ஐந்து. வீட்டில் இருப்பதே ஏழு. சட்டை மாற்றும்போது வலது கையை முதலில் உருவிவிட்டு, அசையாத இடது கையைத் தாங்கிப் பிடித்து உருவுகிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள். ஈரமானால் அந்த நிமிஷமே விரிப்பை மாற்றுகிறாள். இது தவறினால் வால் எலும்பின் மேல் தோல் சிவக்கும். சிவந்தது உரியும். உரிந்தது ஆற மாதக்கணக்காகும். நாலு வருஷத்தில் அவர் முதுகில் ஒரு கீறல் கிடையாது. அது அவளுடைய வேலைத்திறம், பாதி தடியனுடையது.

போன மாதம் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். திரும்பி வந்தால் தடியன் இருந்த இடத்தில் வட்டக் கண்ணாடிக் கதவோடு வெள்ளை வெளேரென்று ஒன்று நின்றது.

"எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்மா. பழசைக் குடுத்துட்டு எடுத்தேன். சர்ப்ரைஸ்!" என்றான் மகன்.

"முப்பது வருஷம் எக்ஸ்சேஞ்சுல இருந்தவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எக்ஸ்சேஞ்சாடா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

புதியது வேலை முடிந்தால் பாட்டுப் பாடும். ஓடத் தொடங்கினால் கதவைப் பூட்டிக்கொள்ளும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஒற்றை விரிப்பைப் போட்டால் பிழிய மறுத்தது. இரண்டு சுற்றுச் சுற்றும், யோசிக்கும், நிற்கும், புதுத் தண்ணீர் பிடிக்கும், மறுபடி இரண்டு சுற்று. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கீச்சென்று கத்தி ஏதோ எழுத்தைக் காட்டியது. கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் விரிப்பு தண்ணீரில் மிதந்தது. "பாடத்தான் லாயக்கு, புறம்போக்கு" என்று அதை ஓர் உதை விட்டாள்.

புகார் எண்ணில் ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், அப்புறம் நாலை, அப்புறம் நாற்பது நிமிஷம் புல்லாங்குழல். "மூணு செகண்ட் லேட்டானா எங்களுக்கு மெமோ குடுப்பான். இவளுங்க கச்சேரி நடத்துறாளுங்க!"

மூன்றாம் நாள் மெக்கானிக் வந்தார். கதவைத் திறந்து, விரிப்பை வெளியே எடுத்துக் கொடுத்தார்.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா. ஒரே பெட்ஷீட் போட்டா ஒரு பக்கமா ஒதுங்கிக்கும், பேலன்ஸ் கிடைக்காது. கூட நாலு துணி போடுங்க, ஜம்முனு சுத்தும்."

"இருந்தாத்தானே போட?"

"சுத்தமான துணியாவே போடலாம்."

"மூத்திரத் துணிக்குத் துணையாச் சுத்தத் துணியா? எந்த மகராசன் கண்டுபிடிச்சான் இத? அவன் வீட்டுல ஒருத்தரும் படுக்கையில விழுந்ததே இல்லையா?"

"டிசைன் அப்படிம்மா."

"மேல ஏறி உக்காந்தா சுத்துமா?"

அவர் அவளை ஒரு தரம் பார்த்தார், மிஷினை ஒரு தரம் பார்த்தார். "வாரன்டி போயிடும்மா."

அதற்குப் பிறகு மிஷினோடு அவளுக்குப் பேச்சில்லை. நாலு நாள் கையாலேயே துவைத்தாள். அலசத்தான் முடிந்தது, பிழிய மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. வெளியே விடாத மழை. நாற்காலி முதுகிலும் கதவின் மேலும் விரிப்புகள் சொட்டிக்கொண்டிருந்தன. இருந்ததிலே காய்ந்ததாக ஒன்றை விரித்தாள். ஐந்தாம் நாள் காலை அவரைப் புரட்டும்போது பார்த்தாள். வால் எலும்பின் மேல் நாணய அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தாள். வெளுக்கவில்லை, சிவப்பாகவே இருந்தது.

"என்ன பாக்கற?"

"ஒண்ணுமில்ல. அப்படியே ஒருக்களிச்சு இருங்க."

மகனுக்குப் போன் செய்து, "வா" என்று மட்டும் சொன்னாள்.

ஆபீசிலிருந்து நேரே வந்தான், மடிப்புக் கலையாத நீலச் சட்டையில்.

"மறுபடி மிஷினாம்மா? ஒண்ணொண்ணாப் போடாத. ரெண்டு மூணு சேரட்டும், அப்புறம் போடு."

"உங்கப்பாகிட்டச் சொல்லு. சேத்து வச்சுப் போகச் சொல்லு."

கையைப் பிடித்து இழுத்துப் போய் அப்பாவின் முதுகைக் காட்டினாள். "என்னடா, உங்கம்மா கண்காட்சி நடத்துறாளா?" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே.

ஈர விரிப்பை எடுத்து மிஷினுக்குள் திணித்தாள். வீட்டில் தேடியதில் அழுக்காக இரண்டு துண்டும் ஒரு தலையணை உறையும் தேறின. அவற்றையும் போட்டாள். மூன்று ஆயிற்று, மெக்கானிக் சொன்ன நாலுக்கு ஒன்று குறைந்தது. நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். கேட்கவில்லை. அவன் சட்டையின் மேல் பொத்தானில் கை வைத்தாள். ஏழு பொத்தான்களும் ஒரே மூச்சில் கழன்றன. வலது கையை முதலில் உருவினாள். பிறகு, நன்றாக இருந்த அவனுடைய இடது கையை முழங்கைக்கு அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வலிக்காமல், மெதுவாக உருவினாள்.